லிப்ட் தூக்கவில்லையா? பம்பை மாற்றும் முன் சோதித்துப் பார்ப்போம்



இந்த மாதப் பாடம் சேமிப்பைப் பற்றியோ, கணக்குப் புத்தகத்தைப் பற்றியோ இல்லை. டிராக்டருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பம்பைப் பற்றியது. "இதெல்லாம் எங்களுக்கு எதுக்குங்க? டிரைவர் வேலை, மெக்கானிக் வேலை" என்று சிலர் நினைக்கலாம். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

1989ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம், 1991-92ல் நமது அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு வந்தது. அதன் பிறகு நாம் விழுப்புரம் மாவட்டம் ஆனோம். 2019 நவம்பரில் இருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். அன்று குழு என்றால் சேமிப்பும் உள்கடனும்தான். இன்று சில குழுக்கள் டிராக்டர் வாங்கி வாடகைக்கு விடுகின்றன. பெட்டியில் இருக்கும் பணத்தை எண்ணக் கற்றுக்கொண்டோம். அந்தப் பணம் இயந்திரமாக மாறி வயலில் நிற்கும்போது அதையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா?

நடந்தது என்ன?

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். மூன்று குழுக்கள் சேர்ந்து ஒரு சின்ன டிராக்டரும் ரோட்டவேட்டரும் வைத்திருக்கிறார்கள். மலைச் சரிவில் இருக்கும் சின்னச் சின்னக் கொல்லைகளுக்குப் பெரிய டிராக்டர் சரிப்படாது என்பதால் சின்னது.

ஆடி மாதம். நல்ல மழை பெய்து ஈரம் நிற்கிறது. சாமைக்கும் மக்காச்சோளத்துக்கும் உழ எல்லோரும் வரிசையில் காத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து லிப்ட் தூக்கவில்லை. ரோட்டவேட்டர் பாதி உயரம் வருகிறது, அப்படியே நிற்கிறது. இன்ஜின் பக்கத்தில் இருந்து ஊளை போல ஒரு சத்தம்.

கீழே இருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார். "பம்பு போச்சு. புதுசு போடணும். இருபத்திரண்டாயிரம் ஆகும். அட்வான்ஸ் குடுங்க, சாமான் வர ஒரு வாரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவே கூட்டம் போட்டார்கள். நானும் இருந்தேன். அடுத்த வாரம் வங்கித் தவணை கட்ட வேண்டும். கையிருப்பு பதினாறாயிரம். டிரைவர் ஒரு உறுப்பினரின் மகன். "அந்தப் பையன் கண்டபடி ஓட்டித்தான் பம்பைக் கெடுத்துட்டான். அவன் வீட்டுல இருந்து பாதிப் பணம் குடுக்கட்டும்" என்று பேச்சு வந்தது. அந்தத் தாய் எழுந்து வெளியே போய்விட்டார். மூன்று குழுக்களும் பிரிந்துவிடும் போல இருந்தது.

அப்போது ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா கேட்டார்: "பம்பு போச்சுன்னு அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? தொறந்து பாத்தாரா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் சமூகப்பணி படித்தவள். குழுவில் சண்டை வந்தால் என்ன பேசுவது என்று படித்திருக்கிறேன், பம்பைப் பற்றிப் படிக்கவில்லை. மறுநாள் ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைக் கேட்டு அழைத்து வந்தோம். அவர் அரை நாளில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பம்பு என்ன வேலை செய்கிறது?

சர்வீஸ் ஸ்டேஷனில் கார் மேலே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜே.சி.பி.யின் கை மண்ணை அள்ளுவதையும் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே தத்துவம். மூடிய இடத்தில் இருக்கும் எண்ணெயை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு பாஸ்கல் என்ற அறிஞர் கண்டு சொன்னது இது.

நம் டிராக்டரில் ஆயில் இருக்கும் தொட்டி, அநேகமாகக் கியர் இருக்கும் பெட்டியேதான். அதிலிருந்து ஒரு ஜாலி (பில்டர்) வழியாகப் பம்பு ஆயிலை உறிஞ்சுகிறது. பம்புக்குள்ளே இரண்டு சின்னப் பல்சக்கரங்கள் ஒன்றோடு ஒன்று சுற்றி ஆயிலைத் தள்ளுகின்றன. தள்ளிய ஆயில் கட்டுப்பாட்டு வால்வுக்குப் போகிறது. லீவரை மேலே தூக்கினால் வால்வு திறந்து, ஆயில் சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் லிப்ட் கைகளைத் தூக்குகிறது.

எவ்வளவு அழுத்தம்? இருசக்கர வண்டி டயரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ அழுத்தம் இருக்கும். சின்ன டிராக்டரின் ஹைட்ராலிக்கில் பெரும்பாலும் 120 முதல் 200 கிலோ வரை. உதாரணத்துக்கு, பிஸ்டனின் பரப்பு 40 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் 150 கிலோ என்றால், பிஸ்டனைத் தள்ளும் விசை 40 × 150 = 6,000 கிலோ. லிப்ட் கைகள் நீளமானவை. அதனால் கையின் நுனியில் கிடைப்பது அதைவிடக் குறைவு. சின்ன டிராக்டர்கள் பொதுவாக 500 முதல் 1,000 கிலோ வரை தூக்கும்.

இந்த அழுத்தம் எல்லை மீறிப் போகாமல் இருக்க 'ரிலீப் வால்வு' என்று ஒன்று இருக்கிறது. குக்கரின் விசில் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் திறந்து, ஆயிலைத் திரும்பத் தொட்டிக்கு அனுப்பிவிடும்.

டிராக்டருக்குப் பின்னால் மூன்று முனையில் கலப்பையை மாட்டி, ஆயில் அழுத்தத்தால் தூக்கும் முறையை உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். 1926ல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் கலப்பையைச் சங்கிலி போட்டு இழுப்பார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஓட்டுகிறவர் மேலேயே கவிழ்ந்துவிடும். கல்லும் பாறையும் நிறைந்த நம் மலையில் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய பெயரைத் தாங்கிய மாஸி பெர்குசன் டிராக்டர்கள் 1960ல் தொடங்கிய சென்னை டேஃபே நிறுவனத்தின் வழியாகத்தான் நம் ஊர்களுக்கு வந்தன.

கைப்பம்பை நினைத்துக்கொள்ளுங்கள்

தெருவில் இருக்கும் கைப்பம்பில் தண்ணீர் வரவில்லை. உடனே "பம்பு போச்சு, புதுசு போடு" என்போமா? நிலத்தடி நீர் இறங்கியிருக்கலாம். குழாயில் ஓட்டை விழுந்து காற்று இழுக்கலாம். அடியில் மண் அடைத்திருக்கலாம். வாஷர் தேய்ந்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தானே முடிவு செய்வோம்!

டிராக்டர் பம்பும் அப்படித்தான். லிப்ட் தூக்காததற்கு ஆயில் குறைவு, அடைப்பு, காற்று இழுப்பு, ரிலீப் வால்வு பழுது, சிலிண்டர் வாஷர் தேய்வு, பம்பு தேய்வு என்று ஆறு காரணமாவது இருக்கும். இவற்றில் மிக விலை உயர்ந்தவற்றில் ஒன்று பம்பு. ஆகவே செலவில்லாத சோதனையில் தொடங்கி, கடைசியில் பம்புக்கு வர வேண்டும். இன்றைய பாடத்தின் சாரம் இதுதான்.

முதலில் பாதுகாப்பு

1. தூக்கிய ரோட்டவேட்டர், கலப்பை ஆகியவற்றுக்குக் கீழே கையோ காலோ வைக்கக் கூடாது. வேலை செய்வதாக இருந்தால் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

2. ஆயில் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. இந்த அழுத்தத்தில் பீறிடும் ஆயில் ஊசி போலத் தோலுக்குள் நுழைந்துவிடும். வெளியே எறும்பு கடித்தது போலத்தான் தெரியும். உள்ளே சதை அழுகி விரலையே எடுக்கும்படி ஆகலாம். ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். யாருக்காவது பட்டுவிட்டால் வலி இல்லை என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "பிரஷர் ஆயில் தோலுக்குள்ள போயிருக்கு" என்று சொல்லுங்கள்.

3. புடவை முந்தானை, துப்பட்டா ஆகியவற்றை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சுற்றும் பி.டி.ஓ. தண்டின் அருகில் நிற்க வேண்டாம். பக்கத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது.

சோதனை 1: ஆயில் (செலவு இல்லை)

டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். லிப்டைக் கீழே இறக்கி, இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் விடுங்கள். அளவுக் குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும்.

மலையில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சரிவில் ஓட்டும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஏற்கனவே அளவு குறைவாக இருந்தால் உறிஞ்சும் குழாய்க்கு ஆயில் கிடைக்காமல் பம்பு காற்றை இழுக்கும். சமதளத்தில் தூக்குகிறது, சரிவில் தூக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் ஆயில் அளவின் மேல்தான்.

அளவோடு நிறத்தையும் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரை இருந்தால் காற்று கலந்திருக்கிறது. கருகிய வாடை வந்தால் ஆயில் மிகவும் சூடாகியிருக்கிறது.

சோதனை 2: ஜாலி (கொஞ்சம் செலவு)

பில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஜாலியில் சேறு போல அப்பியிருந்தால் பம்பு மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். அந்த ஊளைச் சத்தம் அதனாலும் வரும். காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். மை போன்ற நைசான இரும்புப் பொடி சகஜம். மின்னும் துண்டுகள், செதில்கள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்து தேய்கிறது. ஜாலியைக் கழுவலாம். காகித பில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

சோதனை 3: உறிஞ்சும் குழாய் (செலவு இல்லை)

தள்ளும் பக்கம் ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வரும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஏமாந்துவிடுவோம். இன்ஜின் மெதுவாக ஓடும்போது உறிஞ்சும் குழாயின் இணைப்புகளில் கெட்டியாக கிரீஸ் தடவுங்கள். சத்தம் குறைந்தாலோ, லிப்ட் கொஞ்சம் தேறினாலோ, காற்று அந்த இடத்தில்தான் போகிறது. ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) மாற்றினால் போதும்.

சோதனை 4: தூக்கி நிறுத்திப் பார்ப்பது (செலவு இல்லை)

முதலில் லீவர்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா, இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு மூடிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அதை யாராவது திருகி வைத்திருந்தால் நல்ல டிராக்டரும் கெட்டது போல நடிக்கும்.

பிறகு ரோட்டவேட்டரை மாட்டி லிப்டைத் தூக்குங்கள். கீழிருந்து மேலே போக எத்தனை வினாடி? செல்போனில் பார்த்து எழுதுங்கள். ஆயில் ஆறியிருக்கும்போது ஒரு முறை, ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு முறை. சூடானால் ஆயில் நீர்த்துப்போகும். காலையில் தூக்குகிறது, மதியம் தூக்கவில்லை என்றால் பம்பிலோ சிலிண்டரிலோ உள்ளுக்குள்ளே கசிவு இருக்கிறது.

பம்பிலா, சிலிண்டரிலா? மேலே தூக்கி வைத்து இன்ஜினை நிறுத்துங்கள். எல்லோரும் தள்ளி நில்லுங்கள். ரோட்டவேட்டர் சட்டென்று இறங்கினால் கசிவு சிலிண்டர் வாஷரிலோ வால்விலோ இருக்கிறது. பம்பு சுற்றாதபோது நடக்கும் கோளாறுக்குப் பம்பைக் குறை சொல்ல முடியாது. ஓடும்போது லிப்ட் விக்கல் எடுப்பது போல இறங்கி இறங்கி ஏறினாலும் இதே காரணம்தான்.

சத்தத்தையும் கேளுங்கள். தூக்க முடியாமல் நிற்கும்போது 'கிர்ர்' என்று ரிலீப் வால்வு கத்தினால் பம்பு ஆயிலைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. பாரம் அதிகமாக இருக்கலாம், வால்வு இளகியிருக்கலாம், லிப்ட் கை எங்காவது மாட்டியிருக்கலாம்.

சோதனை 5: கேஜ் மாட்டிப் பார்ப்பது

இதை மெக்கானிக் செய்ய வேண்டும். நாம் பக்கத்தில் நின்று எண்ணை எழுத வேண்டும். டிப்பர் டிரெய்லருக்கு ஆயில் எடுக்கும் இடத்திலோ, சோதனைக்கென்று இருக்கும் மூடியிலோ 250 கிலோ வரை காட்டும் கேஜைத் தகுந்த பிரஷர் ஓஸ் கொண்டு மாட்ட வேண்டும். ஆயில் சூடாக இருக்க வேண்டும். லீவரைப் பிடித்து ரிலீப் வால்வு கத்தும் வரை அழுத்தம் ஏற்றி, எண்ணைப் பார்த்ததும் விட்டுவிட வேண்டும். பத்து வினாடிக்கு மேல் பிடித்தால் ஆயில் கொதித்துவிடும். மெதுவான ஓட்டத்தில் ஒரு முறை, புத்தகத்தில் சொன்ன வேகத்தில் ஒரு முறை பார்க்க வேண்டும்.

எண் என்ன சொல்கிறது?

- புத்தகத்தில் உள்ள அளவு வந்துவிட்டது: பம்பும் ரிலீப் வால்வும் நன்றாக இருக்கின்றன. கோளாறு லிப்ட் பக்கம்.
- இரண்டு வேகத்திலும் குறைவாக, ஆனால் ஒரே எண்: ரிலீப் வால்வு. ஸ்பிரிங் இளகியிருக்கும், அல்லது தூசி மாட்டியிருக்கும்.
- மெதுவாக ஓடும்போது மிகக் குறைவு, வேகம் கூட்டக் கூட்ட எண் ஏறுகிறது: முதல் நான்கு சோதனையிலும் குறை இல்லை என்றால், பம்பு தேய்ந்திருக்கிறது.
- முள் நடுங்கிக்கொண்டே இருக்கிறது: காற்று கலந்திருக்கிறது. சோதனை 1, 3க்குத் திரும்பிப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. பம்பிலிருந்து வரும் குழாயை நேராகக் கழற்றி, அதை அடைத்துவிட்டு அழுத்தம் பார்க்க யாரையும் விடாதீர்கள். ரிலீப் வால்வுக்கு வழி இல்லாமல் அடைத்தால் நல்ல பம்பும் வெடித்துப் போகும்.

சோதனை 6: எத்தனை லிட்டர் தள்ளுகிறது?

அழுத்தம் ஒன்று, அளவு ஒன்று. பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று பார்க்க 'புளோ மீட்டர்' என்ற கருவி வேண்டும். பெரிய ஒர்க்‌ஷாப்பில்தான் இருக்கும். பாரம் இல்லாமல் தள்ளும் அளவையும், பாரம் ஏற்றினால் தள்ளும் அளவையும் ஒப்பிடுவார்கள். பாரம் ஏற்றியதும் அளவு பெரிதாகக் குறைந்தால் பல்சக்கரம் தேய்ந்து ஆயில் பின்னால் நழுவுகிறது. பம்பு தேய்ந்துவிட்டதை உறுதியாகச் சொல்லும் சோதனை இதுதான்.

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் டிராக்டர் சோதனை நிலையம் இருக்கிறது. அங்கேயும் ஒரு மாடலைச் சோதிக்கும்போது பம்பு தள்ளும் அளவு, ரிலீப் வால்வு திறக்கும் அழுத்தம், தூக்கும் எடை ஆகியவற்றை அளந்து அறிக்கையில் எழுதுகிறார்கள். அரசாங்கமே அளந்து பார்த்துத்தான் எழுதுகிறது. நாம் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யலாமா?

மலை ஊரில் என்ன தெரிந்தது?

அளவுக் குச்சியில் ஆயில் கீழ்க்கோட்டைக் கூடத் தொடவில்லை. ஜாலியில் களிமண் போல அப்பியிருந்தது. உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது. மூன்றையும் சரி செய்து, புது ஆயில் ஊற்றி, கேஜ் மாட்டினோம். புத்தகத்தில் 150. கேஜ் காட்டியது 145. பம்பு நன்றாக இருந்தது. ஆயில், பில்டர், ஓ-ரிங், ஆசிரியருக்குப் பஸ் செலவு எல்லாம் சேர்த்து 5,300 ரூபாய். மறுநாள் காலை டிராக்டர் கொல்லையில் இறங்கியது.

ஆனால் ஆயில் எங்கே போனது? வெளியே ஒழுகிய தடம் இல்லை. ஆசிரியர் கேட்டார்: "இதுல டிப்பர் டிரெய்லர் மாட்டினீங்களா?" டிப்பர் மாட்டித் தூக்கும்போது டிராக்டரின் ஆயில் டிரெய்லரின் சிலிண்டருக்குள் போகும். பெட்டியை முழுதாக இறக்கி, ஆயில் திரும்பி வந்த பிறகுதான் குழாயைக் கழற்ற வேண்டும். அவசரமாகக் கழற்றினால் நம் ஆயில் அந்த டிரெய்லரோடு போய்விடும். அந்த டிரெய்லரின் அழுக்கு ஆயிலும் நம் தொட்டிக்குள் வந்துவிடும்.

பதிவேட்டில் டிப்பர் வேலை எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முதல் குழுவின் தலைவி அக்கா எழுந்தார். "எங்க வீட்டுக்குச் செங்கல் ஏத்த ரெண்டு நாள் நான்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன். வாடகை எழுதல. தம்பி மேல தப்பு இல்ல" என்றார். அந்த இரண்டு நாள் வாடகையை அப்போதே கட்டி ரசீது வாங்கிக்கொண்டார். முந்தின நாள் அந்தத் தம்பியைக் குறை சொன்னவர்களில் அவரும் ஒருவர். அவன் அம்மாவிடம் போய்த் தனியாக என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இப்போது இருவரும் ஒன்றாகத்தான் வங்கிக்குப் போகிறார்கள்.

அந்த மெக்கானிக் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. பருவத்தில் அவருக்குப் பத்து டிராக்டர் காத்திருக்கும். சத்தத்தைக் கேட்டார், அனுபவத்தில் சொன்னார். எண்ணைக் காட்டச் சொல்லி நாமும் கேட்கவில்லையே.

பம்பே போயிருந்தால்?

சோதித்தால் எப்போதும் செலவு மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம். சங்கராபுரம் பக்கம் கரும்புப் பாருக்கு இடையில் ஓட்டும் ஒரு குழு டிராக்டரில் இதே சோதனைகளைச் செய்தோம். ஆயில் மோர் போல வெளுத்திருந்தது. ஆயில் மாற்றி, ஜாலி கழுவி, எல்லாம் பார்த்த பிறகும் கேஜில் எண் பாதிதான். வேகம் கூட்டினால் ஏறியது, சூடானதும் இறங்கியது. இன்ஜினை நிறுத்தினால் பாரம் அசையாமல் நின்றது. பம்புதான். கழற்றிப் பார்த்தபோது உள்சுவரில் கோடு கோடாகக் கீறல்.

அந்தக் குழு அன்றே தீர்மானம் போட்டுப் புதுப் பம்பு வாங்கியது. யார் மேலும் சந்தேகம் இல்லை. ஏன் வாங்குகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் எப்படிக் கலந்தது என்றும் கண்டுபிடித்தார்கள். ஆயில் ஊற்றும் மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது. டிராக்டர் கழுவும்போதும் மழையிலும் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. காரணத்தைச் சரி செய்யாமல் பம்பை மட்டும் மாற்றியிருந்தால் புதுப் பம்பும் அதே வழியில் போயிருக்கும்.

பெண்களால் முடியுமா?

உத்தரப்பிரதேசத்தில் பாந்தா என்று ஒரு வறண்ட மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் மகிளா சமக்யா திட்டத்தின் கீழ் அங்கே எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் கைப்பம்பு பழுது பார்க்கக் கற்றார்கள். குழாயை இழுத்துத் தூக்குவது ஆண்கள் வேலை என்று ஊர் சிரித்தது. அவர்கள் செய்து காட்டினார்கள். எந்தப் பம்பில் என்ன மாற்றினோம் என்று எழுதி வைக்க வேண்டியிருந்ததால், "எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்க" என்று அவர்களே கேட்டார்கள். அதிலிருந்து அவர்களுக்கென்று 'மகிளா டாக்கியா' என்ற ஒரு செய்தி மடலும் வந்தது. நம் கையில் இருக்கும் இந்த மடல் போலத்தான்.

நாம் எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்பதில்லை. முதல் நான்கு சோதனைகளை நாமே செய்யலாம் அல்லது பக்கத்தில் இருந்து பார்க்கலாம். ஐந்தாவதில் எண்ணைக் கேட்கலாம்.

குழு செய்ய வேண்டியவை

1. டிராக்டருக்குத் தனிப் பதிவேடு வையுங்கள். ஓடிய மணி நேரம், ஆயில் அளவு, பில்டர் மாற்றிய தேதி, டிப்பர் மாட்டிய நாள் எல்லாம் அதில் வர வேண்டும். யார் வீட்டு வேலையானாலும் எழுத வேண்டும்.

2. வாரம் ஒரு முறை ஆயில் பார்க்க ஒரு உறுப்பினர், டிரைவர் என இருவர் பொறுப்பு. இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

3. டிராக்டர் நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் கேஜ் மாட்டி எண்ணையும், ரோட்டவேட்டரைத் தூக்கும் வினாடியையும் எழுதி வையுங்கள். நல்ல உடம்பின் அளவு தெரிந்தால்தான் நோய் தெரியும்.

4. புத்தகத்தில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். பழைய இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். புது டிராக்டரில் முதல் பில்டர் மாற்றம் சீக்கிரமே வரும், பெரும்பாலும் 50 மணி நேரத்தில்.

5. கேஜ், ஓஸ், இணைப்பு மூன்றும் சேர்ந்தாலும் புதுப் பம்பின் விலையில் சிறு பங்குதான். கூட்டமைப்புக்கு ஒன்று வாங்கி எல்லாக் குழுக்களும் பயன்படுத்தலாம்.

6. பம்பு மாற்றுவதானால் சோதனை எண்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே பணம் கொடுங்கள். கழற்றிய பழைய பம்பைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

- நம் டிராக்டரின் (அல்லது மாவு அரைக்கும் இயந்திரம், தையல் இயந்திரம், பவர் டில்லரின்) புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறது? கடைசியாக யார் படித்தார்கள்?
- கடந்த ஓராண்டில் 'போச்சு, மாத்தணும்' என்று யாராவது சொன்னதை நம்பி எவ்வளவு செலவு செய்தோம்? அதற்கு என்ன சோதனை செய்தார்கள்?
- இயந்திரம் பழுதானபோது யாரைக் குறை சொன்னோம்? சோதித்த பிறகு சொன்னோமா, சோதிக்கும் முன்பே சொன்னோமா?

மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். மலை ஊர்ப் பெரியம்மாவை அடுத்த கூட்டத்தில் பார்த்தபோது, உங்கள் கேள்வியை மடலில் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "எழுதும்மா. ஆனா வாரா வாரம் ஆயில் பாக்கச் சொல்லி பெருசா எழுது" என்றார். எழுதிவிட்டேன்.